கடைசிக் காட்சியில் நிற்கும் கூத்து டிவிடி: கீறலுக்குள் இருப்பதை எடுக்க முடியுமா?

திருக்கடலூர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் முற்றத்தில் 2010 இல் ஆடிய கூத்து ஒன்றின் டிவிடி என்னிடம் இருக்கிறது. பெரியப்பாதான் அண்ணாவியார், கூத்தைப் பழக்கி நடத்தியவர். ஊர் வீடியோக்காரர் ஒருவர் விடிய விடிய நின்று எடுத்து, முக்கியமான பகுதிகளை வெட்டி ஒட்டி, கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு கொப்பி போட்டுக் கொடுத்தார். மூலப் பதிவு அவரிடம் இப்போது இல்லை. அது இருந்த ஹாட் டிஸ்க் எப்போதோ பழுதாகிவிட்டதாம்.

என் டிவிடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகிறது. நிற்கும் இடத்துக்குப் பிறகுதான் பெரியப்பா தானே மத்தளத்தை வாங்கி அடித்துக்கொண்டு மங்களம் பாடுகிறார். அவர் போய்விட்டார். அந்தப் பாட்டு வேறு எங்கும் பதிவாகவில்லை.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். மெஷினில் போட்டுத் தேய்த்தால் சரிவரும் என்கிறார். கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் கட்டை

அக்கா, கடைக்குக் கொடுக்கத் தேவையில்லை. வெள்ளைப் பற்பசை (ஜெல் வேண்டாம்) கொஞ்சம் எடுத்துக் கீறலின் மேல் பூசி, பஞ்சால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். கேம் சீடிகளை அப்படித்தான் ஓட வைத்திருக்கிறோம். பற்பசையில் இருக்கும் நுண்ணிய தூள் கீறலின் விளிம்பை மழுங்கடிக்கும், லேசர் தடுமாறாமல் போகும். வேலை செய்யும்.

உவர்மலையான்

தங்கச்சி, தயவுசெய்து இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். தம்பி சொல்வது பொய்யில்லை, பற்பசை சில நேரம் வேலை செய்யும். ஆனால் தேய்ப்பது என்றால் பிளாஸ்ரிக்கைச் சுரண்டி எடுப்பது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. கடையில் கேம் சீடி இன்னொன்று வாங்கலாம், உங்கள் பெரியப்பாவின் பாட்டை வாங்க முடியாது. எனவே முதலில் படிக்கக்கூடியது முழுவதையும் கணினிக்குள் எடுத்துவிட வேண்டும். தேய்ப்பது கடைசி வேலை.

எங்கே காயம் என்று பார்க்காமல் மருந்து போடக் கூடாது. டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்ரிக் தட்டுகளை ஒட்டிச் செய்தது. எழுதிய தரவு நடுவில், அந்த ஒட்டுக்குள் இருக்கிறது. மினுங்கும் பக்கத்தில் விழும் கீறல் பெரும்பாலும் மேல் பிளாஸ்ரிக்கில்தான் நிற்கும், தரவைத் தொடாது. லேசர் போகும் வழியைத்தான் கெடுக்கிறது. சாதாரண சீடி வேறு மாதிரி. அதில் முழு 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக்கும் கீழே இருக்க, தரவும், லேசரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிப் படலமும் மேலே, பெயர் எழுதும் பக்கத்துக்கு ஒட்டினாற்போல இருக்கின்றன. அவற்றுக்கு மேலே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. பலர் மினுங்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்து, மறுபக்கத்தை மேசையில் தேய விடுவார்கள். சீடிக்கு மேல்பக்கக் கீறல்தான் சாவு.

உங்களுடையது டிவிடி என்பதால் நம்பிக்கை உண்டு. இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று: ரியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் எங்காவது ஊடுருவி வருகிறதா? வந்தால் அந்த இடத்தில் கண்ணாடிப் படலமே போய்விட்டது. விளிம்பில் இரண்டு தட்டும் பிரிந்து வெள்ளையாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு: கைபேசி டோர்ச்சைச் சரித்துப் பிடித்துக் கீறலின் திசையைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகிறதா, அல்லது வட்டமாகச் சுற்றிப் போகிறதா? தரவுத் தடம் உள்ளேயிருந்து வெளியே சுருளாகப் போகிறது. நேராக வெட்டும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச இடத்தையே மறைக்கும். அதைத் தாங்கத்தான் எழுதும்போதே தரவோடு பிழைதிருத்தும் கணக்கும் சேர்த்து எழுதப்படுகிறது. இர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் என்ற இருவர் 1960 இல் வெளியிட்ட கணிதம் அது. அதை வைத்து சீடியில் தடத்தின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர், டிவிடியில் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளம் தொடர்ந்து அழிந்தாலும் திருப்பிக் கட்டிவிடலாம். ஆனால் தடத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறல் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். மயிரளவு கீறலாக இருந்தாலும் அதுதான் ஆபத்தானது.

திருக்கடலூர் மகள்

நன்றி அண்ணா. வெளிச்சம் எங்கும் ஊடுருவவில்லை. விளிம்பும் பிரியவில்லை. மினுங்கும் பக்கம் ஊதா கலந்த நிறம், அதில் நேர்க்கீறல்கள் பல, எல்லாம் மெல்லியவை. ஆனால் விளிம்புக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவு உள்ளே, பிறை போல வளைந்த ஒரு கீறல் தட்டின் கால்வாசி தூரம் போகிறது. நகத்தால் தடவினால் இலேசாகத் தட்டுப்படுகிறது.

உவர்மலையான்

அதுதான் நீங்கள் சொன்ன கடைசிக் காட்சி இருக்கும் இடம். எழுதுவது உள்ளேயிருந்து தொடங்குவதால் முடிவு எப்போதும் வெளி விளிம்புப் பக்கம். ஓடிக்கொண்டிருந்த பிளேயரைத் தூக்கி அசைத்தாலும் இப்படி வளைந்த கீறல் விழும்.

முதலில் கழுவுங்கள். ஓடும் குழாய்த் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரல் நுனி. பழைய மென்மையான பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேர் கோட்டில் துடையுங்கள், சுற்றித் துடைக்கக் கூடாது. தின்னர், பெற்றோல், நகப்பூச்சு அகற்றும் திரவம் எதுவும் வேண்டாம், பிளாஸ்ரிக் பால் போல மங்கிவிடும். நம்முடைய ஊரில் வெளியில் கிடந்த தட்டுகளில் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒரு படலம் இருக்கும். அதைத் துடைத்தாலே பாதிப் பிழை போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு, கோப்புகளை இழுத்து ஒட்டிக் கொப்பி எடுக்க முயலாதீர்கள். விண்டோஸ் ஒரு பிழை வந்தவுடன் முழுக் கோப்பையும் கைவிட்டுவிடும். டிவிடி வீடியோவில் ஒரு கோப்பே 1 கிகாபைட் வரை இருக்கும், அதில் ஒரு பிழைக்காக மொத்தமும் போகும். நமக்குத் தேவை தட்டின் ஒவ்வொரு பிரிவையும், 2048 பைட் வீதம், உள்ளது உள்ளபடி படித்து ஒரே பிம்பக் கோப்பாக எழுதும் நிரல். லினக்ஸில் டிடிரெஸ்கியூ அதற்கென்றே இருப்பது, இலவசம். கணினியில் லினக்ஸ் இல்லாவிட்டாலும் பென் டிரைவிலிருந்து உபுண்டுவை ஓட்டலாம். பொதியை நிறுவும்போது கவனம்: உபுண்டுவில் அதன் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ சேர்ந்திருக்கும். ‘ஜி’ இல்லாத பெயரில் வருவது வேறு நிரல்.

கட்டளையில் மூன்று பெயர் கொடுக்க வேண்டும்: டிரைவ், எழுதவேண்டிய பிம்பக் கோப்பு, மேப்ஃபைல். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். எந்தப் பிரிவு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற கணக்கு முழுவதும் மேப்ஃபைலில்தான் பதிவாகும். கரண்ட் போனாலும், நீங்களே நிறுத்தினாலும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரிவின் அளவு 2048 என்று கொடுத்து, முதல் ஓட்டத்தில் சிறிய ‘என்’ தெரிவைப் போடுங்கள். கஷ்டமான இடங்களைச் சுரண்டிக்கொண்டு நிற்காமல், சுலபமாகக் கிடைப்பதை அள்ளிக்கொண்டு வந்துவிடும். அடுத்த ஓட்டத்தில் அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, நேரடியாகப் படிக்கச் சிறிய ‘டி’யும், மூன்று முறை முயலச் சிறிய ‘ஆர்’ உடன் 3 உம். அதற்கும் மசியாவிட்டால் பெரிய ‘ஆர்’, அது பின்னாலிருந்து முன்னால் படிக்கும். கீறலை மறுபக்கமாக அணுகும்போது சில பிரிவுகள் கிடைத்துவிடும்.

இரண்டாவது ஓட்டம் மணிக்கணக்கில் இழுக்கும். டிரைவ் சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான கச்சான் காற்று வீசும் நாளில் பகலில் செய்யாதீர்கள், இரவில் செய்யுங்கள்.

அலஸ்தோட்டம்

உவர்மலை அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிரைவை மாற்றிப் பார்ப்பது பல நேரங்களில் எல்லா மருந்தையும் விடப் பெரிய மருந்து. லென்ஸ், லேசரின் வலு, தடத்தைப் பிடிக்கும் திறன் எல்லாம் ஒவ்வொரு டிரைவிலும் வேறு. லப்டொப்பின் மெல்லிய டிரைவ் கைவிட்ட தட்டைப் பழைய மேசைக் கணினியின் கனமான டிரைவ் படித்துவிடுவதுண்டு. மறுபக்கமாகவும் நடக்கும். அதே பிம்பக் கோப்பையும் அதே மேப்ஃபைலையும் கொடுத்து அடுத்த டிரைவில் ஓட்டினால் விடுபட்ட பிரிவுகளை மட்டும் தேடும். திருத்தும் கடைகளில் பழைய மேசைக் கணினிகள் குவிந்து கிடக்கின்றன, ஒரு டிரைவைக் கேட்டு வாங்கலாம்.

விண்டோஸ்தான் வசதி என்றால் ஐசோபஸ்டர் இருக்கிறது. அதிலும் பிம்பம் எடுக்கலாம், சில வசதிகளுக்கு மட்டும் காசு.

இன்னொன்று. தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் படிக்கும் என்று வட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. செய்யாதீர்கள். நம்முடைய ஈரக்காற்றில் வெளியே எடுத்த உடனே தட்டு முழுக்க நீர் வேர்க்கும். அதை டிரைவுக்குள் சுழற்றினால் லென்ஸும் போகும்.

மூன்றாம் கட்டை

சரி, பிம்பம் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா டிரைவிலும் ஓட்டிய பிறகும் கிடைக்காவிட்டால்? அப்போது தேய்க்கத்தானே வேண்டும். அதைச் செய்யும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுங்கள், பிறகு வருபவர்களுக்கும் உதவும்.

உவர்மலையான்

நியாயமான கேள்வி தம்பி. தேய்ப்பதற்கு முன் இன்னொரு படி உண்டு, நிரப்புவது. சீடி, டிவிடி செய்யும் பிளாஸ்ரிக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55. காற்றினுடையது 1. கீறலுக்குள் காற்று இருப்பதால்தான் லேசர் அங்கே முறிந்து சிதறுகிறது. வாஸ்லினை மிக மெல்லிதாகப் பூசி, மிச்சம் தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டால், பள்ளத்துக்குள் இருப்பது மட்டும் நிற்கும், சிதறல் குறையும். துடைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. மிஞ்சினால் தட்டு சுழலும் வேகத்தில் லென்ஸில் தெறிக்கும். இதன் நன்மை, பிடிக்காவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

அதற்கும் சரிவராவிட்டால்தான் தேய்ப்பு. பற்பசையை விட வாகன விளக்குக் கண்ணாடிக்குப் போடும் பிளாஸ்ரிக் பொலிஷ் சீராக இருக்கும். அப்போதும் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, கீறலின் மேல் மட்டும். கொஞ்சம் தேய்த்து, கழுவி, டிடிரெஸ்கியூவை ஓட்டி, ஏதாவது கிடைத்ததா என்று பார்த்து, பிறகு மறுபடி கொஞ்சம். கடை மெஷின் முழுப் பக்கத்தையும் ஒரே தடவையில் சுரண்டும், நல்லாக இருந்த இடத்தையும் சேர்த்து. புளூ-ரேயில் எதையும் தேய்க்கவே கூடாது. அதில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே இருக்கிறது, மேலே கடினப் பூச்சு. அந்தப் பூச்சைத் தேய்த்துவிட்டால் பிறகு எதுவும் மிஞ்சாது.

திருக்கடலூர் மகள்

முதல் இரண்டு ஓட்டமும் முடிந்தன. லப்டொப் டிரைவில் நின்ற இடத்தைப் பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய கணினி தாண்டிப் போனது. இப்போது குறைவது 60 மெகாபைட் அளவு. எல்லாம் பிறைக் கீறல் இருக்கும் இடத்தில்.

பிம்பத்தை விஎல்சியில் ஓட்டிப் பார்த்தேன். மங்களம் தொடங்குகிறது, பிறகு துண்டு துண்டாகிறது. 60 மெகாபைட் என்றால் எவ்வளவு நேரம் அண்ணா?

உவர்மலையான்

வினாடிக்கு 5 மெகாபிட் வீதம் எழுதியிருந்தால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். ஆனால் கண்ணுக்கு அதைவிடக் கூடத் தெரியும். அந்தப் படத்தில் முழுச் சட்டகம் இடைக்கிடைதான் வரும், நடுவில் உள்ளவை முன் சட்டகத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். ஒரு பிரிவு போனால் அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை, நம்முடைய பால் (PAL) தொலைக்காட்சி முறையில் அரை வினாடிக்குக் கொஞ்சம் மேல், கட்டங்கள் தொங்கும். ஒலியும் அதே கோப்புக்குள் பின்னியிருப்பதால் அதுவும் வெட்டுப்படும்.

வாஸ்லினுக்கு முன் ஒரு கேள்வி. வீடியோக்காரர் ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார் என்றீர்கள். மற்றவை எங்கே?

ரொறன்ரோவிலிருந்து ஒரு திருமலையாள்

தங்கச்சி, படித்துக்கொண்டே வந்தேன், கை நடுங்குகிறது. அந்தக் கூத்தில் என் தம்பி கட்டியகாரன் வேஷம் கட்டினவன். எங்கள் வீட்டிலும் அந்த டிவிடி இருக்கிறது. உறையின் மேல் கோயில் கோபுரப் படம் ஒட்டியது, இல்லையா? ஆனால் எங்களுடையது தொடக்கத்திலேயே நிற்கிறது, அதனால் பல வருடமாகப் போட்டதில்லை. பொதி கட்டி அனுப்பட்டுமா?

உவர்மலையான்

அனுப்பாதீர்கள் அக்கா! வழியில் வளைந்தாலோ தொலைந்தாலோ போச்சு. அங்கேயே யாராவது பிள்ளையைக் கொண்டு டிடிரெஸ்கியூவால் பிம்பம் எடுத்து, பிம்பத்தையும் மேப்ஃபைலையும் கூகுள் டிரைவில் ஏற்றிவிடுங்கள். தொடக்கத்தில் நிற்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். நமக்குத் தேவை முடிவு.

இரண்டு கொப்பியும் ஒரே மூலப் பிம்பத்திலிருந்து எழுதப்பட்டவையா என்பதுதான் முக்கியம். இரண்டின் மொத்த அளவும் கடைசிப் பைட் வரை ஒன்றாக இருந்தால் நல்ல அறிகுறி. இரண்டிலும் நன்றாகப் படித்த நடுப்பகுதி ஒன்றை வெட்டியெடுத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். ஒன்றென்றால் பிரிவுக்குப் பிரிவு ஈடுகட்டலாம். வீடியோக்காரர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொகுத்து எழுதியிருந்தால் பிரிவுகள் பொருந்தாது, அப்போது விடுபட்ட காட்சியை மட்டும் வீடியோவாக வெட்டி ஒட்ட வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது: ரொறன்ரோப் பிம்பத்தை மூலமாகவும், திருக்கடலூர்ப் பிம்பத்தையும் அதன் மேப்ஃபைலையும் இலக்காகவும் கொடுக்க வேண்டும். கூடவே ரொறன்ரோ மேப்ஃபைலைச் சிறிய ‘எம்’ தெரிவோடு கொடுங்கள். கொடுக்காவிட்டால், அங்கே படிக்க முடியாமல் வெறும் பூச்சியமாக நிற்கும் இடங்களையும் நல்ல தரவு என்று நம்பி எழுதிவிடும். கொடுத்தால் அங்கே உண்மையில் கிடைத்தவற்றை மட்டும் எடுக்கும். ஆரம்பிக்கும் முன் இரண்டு பிம்பத்துக்கும் ஒவ்வொரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

திருக்கடலூர் மகள்

அளவு ஒன்றேதான்! ரொறன்ரோ அக்காவின் மருமகன் இரவோடு இரவாக ஏற்றி அனுப்பினார். நடுப்பகுதியை ஒப்பிட்டோம், பொருந்தியது. சேர்த்த பிறகு குறைவது 2 மெகாபைட்டுக்கும் கீழே. வாஸ்லினும் வேண்டியிருக்கவில்லை, பற்பசையும் வேண்டியிருக்கவில்லை.

பாட்டு முழுவதும் இருக்கிறது. பெரியப்பா மத்தளத்தை மடியில் வைத்து, இடக்கைப் பக்கத்து வாரைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துப் பார்க்கிறார். மறுபடி இழுக்கிறார். சல்லரிக்காரர் தொடங்கப் போக, பொறு என்று கண்ணாலேயே சொல்கிறார். இரண்டாவது அடியில் ஒரு இடத்தில் மட்டும் படம் கட்டமாக உடைந்து சேர்கிறது, குரல் ஒரு நொடி கரகரக்கிறது. சொற்கள் எல்லாம் கேட்கின்றன. பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். அவர் இரண்டாவது அடியைத் தானே பாடினார்.

எல்லோருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதை இனி எப்படி வைப்பது?

அலஸ்தோட்டம்

மிக்க சந்தோஷம் அக்கா. பிம்பக் கோப்பை அப்படியே வைத்திருங்கள், சிறிதாக்க மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். ஒன்று உங்களிடம், ஒன்று ரொறன்ரோ அக்காவிடம், ஒன்று இணையத்தில். நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் இப்படியான ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறார்கள். வீட்டார் சம்மதித்தால் அங்கே கொடுங்கள். எந்த ஊர், எந்தக் கூத்து, யார் யார் எந்த வேஷம் என்று இப்போதே எழுதிச் சேர்த்துவிடுங்கள், தெரிந்தவர்கள் இருக்கும்போதே.

தட்டையும் எறியாதீர்கள். வெயில் படாத இடத்தில், உறைக்குள், நிறுத்தி வையுங்கள். ஒருமுறை மட்டும் எழுதும் இப்படியான தட்டுகளில் தரவு ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது, வெயில் அதை வெளிறச் செய்யும். ஈரமும் கெடுதல். பெலீஸ் நாட்டுச் சீடி ஒன்றைப் பூஞ்சை தின்றிருந்ததை 2001 இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம்முடைய மாரி மாதங்களும் அப்படிப்பட்டவைதான்.

கிண்ணியாக் கரை

இந்த இழையில் நானும் ஒன்று கேட்கலாமா? என் தங்கச்சியின் கலியாணம் 2007 இல். அப்போது ஹண்டிகாமில் சின்ன டிவிடியில் எடுத்தோம், உள்ளங்கை அளவு தட்டு. கீறல் ஒன்றும் இல்லை. ஆனால் கணினியில் போட்டால் வெற்றுத் தட்டு என்கிறது, ஃபோமட் செய்யவா என்று கேட்கிறது. கமரா பழுதாகி எறிந்தாகிவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லையா?

உவர்மலையான்

இருக்கிறது நானா, பெரும்பாலும் இருக்கிறது. ஃபோமட் கேள்விக்கு மட்டும் ஒருபோதும் ஆம் சொல்லாதீர்கள்.

அது 8 சென்ரிமீற்றர் தட்டு. ஹண்டிகாமில் எடுத்து முடித்தபின், தட்டை நிறைவு செய்யும் ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளடக்க அட்டவணை எழுதப்படும், கணினி அதைப் பார்த்துத்தான் படிக்கும். கொடுக்காமல் விட்டிருந்தால் வீடியோ முழுக்க உள்ளே இருந்தும் கணினிக்கு வெற்றாகத் தெரியும். அதே கொம்பனியின் அதே வகைக் கமரா யாரிடமாவது ஓடும் நிலையில் இருந்தால் அதில் போட்டு நிறைவு செய்யலாம், ஆனால் அது தட்டில் எழுதும் வேலை. அதனால் அதற்கு முன் ஐசோபஸ்டரைப் பாருங்கள். அட்டவணை இல்லாத தட்டிலும் தடத்தை நேரே படித்து வீடியோத் துண்டுகளைத் தேடி எடுக்கும், தட்டில் ஒன்றும் எழுதாது.

வாய் போலப் பிளவுக்குள் இழுக்கும் டிரைவில் மட்டும் போடாதீர்கள், சின்னத் தட்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். தட்டை வைக்கும் தாங்கி வெளியே நீளும் டிரைவ் வேண்டும், தாங்கியின் நடுவில் உள்ள சிறிய பள்ளத்தில் வைக்க வேண்டும். கொம்பனியின் பெயரையும், தட்டில் ஆர் என்று இருக்கிறதா ஆர்டபிள்யூ என்று இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

கிண்ணியாக் கரை

ஆர்டபிள்யூ என்று இருக்கிறது தம்பி. பக்கத்தில் வீஆர் என்று நானே பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்.

உவர்மலையான்

அப்படியென்றால் வீஆர் (வீடியோ ரெக்கோர்டிங்) முறையில் பதிந்தது. அந்த முறையில் படம் ஒரே பெரிய கோப்பாக இருக்கும், ஐசோபஸ்டர் அதை அடையாளம் காணும். ஆர்டபிள்யூவை அழித்து மீண்டும் எழுதலாம் என்பதால் தவறிக் கை பட்டால் எல்லாம் போகும். கணினியில் சீடி எழுதும் நிரல் ஏதாவது தானாகத் திறந்தால் முதலில் அதை மூடிவிட்டுத் தொடங்குங்கள்.